மார்கழிக்கு முன்னே வந்துவிடுங்கள்

தூத்துக்குடி
அக்டோபர் 14



அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. நேற்று அம்மா போனில் பேசினாள். உன் வீட்டுக்காரிக்குக் கால் வீங்கி செருப்பு சேரவில்லையாம். "வீங்கத்தான் செய்யும், தலப்பிள்ளைக்கும் இப்படித்தானே இருந்துச்சு" என்று எனக்கே சமாதானம் சொன்னாள். தலைப்பிள்ளைக்கும் இருந்தது என்பதுதான் என் பயம். அப்போது கடைசி மாசத்தில் அவளுக்குப் பிரஷர் ஏறியது. ஒருதடவை ஏறியவளுக்கு மறுதடவையும் ஏறலாம். போனில் சொன்னால் "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுவாய். இதைப் படித்துவிட்டு அவளிடமும் கொடு. அவள் உடம்பு, அவளுக்கு எல்லாம் தெரிய வேண்டும்.

நான் வேலை பார்க்கும் தாய்மார் ஐசியூவில் படுத்திருப்பது எல்லாம் இருபது, இருபத்தைந்து வயசுப் பிள்ளைகள். முந்தின நாள் வரை குடம் தூக்கி நடந்தவர்கள். அதனாலேயே வீட்டார் நம்ப மாட்டார்கள். போன மாசம் ஒரு பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். காலையிலிருந்து தலைவலி, கண்ணுக்கு முன்னே பூச்சி பறக்கிற மாதிரி இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். தைலம் தேய்த்துப் படுக்கவைத்திருக்கிறார்கள். சாயங்காலம் வலிப்பு வெட்டு வந்துவிட்டது.

வெட்டுக்குப் போடுவது மெக்னீசியம் சல்பேட். விலை மலிவான மருந்துதான். ஆனால் போட்டபின் பக்கத்தைவிட்டு நகர முடியாது. நாலு மணி நேரத்துக்கு ஒருதடவை இடுப்பில் ஆழமாக இறங்கும் ஊசி அது. ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால் முழங்காலில் சுத்தியால் தட்டிப் பார்ப்பேன், கால் துள்ள வேண்டும். மூச்சை ஒரு முழு நிமிஷம் எண்ணுவேன், 16-க்குக் குறையக் கூடாது. முந்தின நாலு மணி நேரத்தில் 100 மில்லியாவது மூத்திரம் இறங்கியிருக்க வேண்டும். இதில் ஒன்று தப்பினாலும் ஊசியை நிறுத்திவிடுவோம். மருந்து உடம்பில் தங்கினால் மூச்சையே அடக்கிவிடும். அதற்கு முறிவாகக் கால்சியம் குளுக்கோனேட் கட்டில் பக்கத்திலேயே இருக்கும். அந்தப் பிள்ளை பிழைத்துக்கொண்டாள், குழந்தையும் பிழைத்தது. எல்லாருக்கும் அப்படி அமைவதில்லை, தம்பி.

பிரசவத்தில் வரும் ரத்தப்போக்கு இதைவிட மோசம். நிறைமாசத்தில் உடம்பில் ரத்தம் வழக்கத்தைவிட நாற்பது, ஐம்பது சதவீதம் கூடியிருக்கும். அதனால் ஒரு லிட்டர் போனபிறகும் பிரஷர் நன்றாகவே காட்டலாம், நாடி மட்டும் வேகமாக ஓடும். "பிரஷர் நார்மல்தானே" என்று விட்டுவிட்டால் பிறகு ஒரேயடியாக விழும். பிள்ளை பிறந்த முதல் நாள், எல்லாரும் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஒருவராவது தாயைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

வீட்டில் முடிவெடுக்கத் தாமதம், வந்து சேரத் தாமதம், ஆஸ்பத்திரிக்குள் தாமதம் என்று தாய்மார் சாவுக்கு மூன்று தாமதங்களை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் ஒவ்வொரு தாயின் சாவையும் எதனால் என்று விசாரிக்கிறார்கள். 2018-20 கணக்கில் உயிருடன் பிறந்த லட்சம் குழந்தைகளுக்கு நாடு முழுக்க 97 தாய்மார் இறந்திருக்கிறார்கள், இங்கே 54. இன்னும் குறைக்க வேண்டும் என்றால் அந்த முதல் தாமதம் போக வேண்டும் என்பது என் எண்ணம். வீட்டில் நாங்கள் இல்லை, நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

நீங்கள் இருக்கும் நாசரேத், ஆஸ்பத்திரிக்குக் கூச்சப்படும் ஊர் இல்லை. 1870-லேயே மிஷனரி ஸ்ட்ராச்சன் ஐயர் ஆஸ்பத்திரி தொடங்கிய ஊர். ஆனால் பிரஷர் ஏறியவளுக்கு ரத்த வங்கி, மயக்க டாக்டர், பச்சைப்பிள்ளைகளுக்கான ஐசியூ எல்லாம் ஒரே இடத்தில் வேண்டும். அதற்குத் தூத்துக்குடி வர வேண்டும், இல்லையென்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் போக வேண்டும். இரண்டும் நாற்பது கிலோமீட்டர் போல.

அந்த நாற்பது கிலோமீட்டரை நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன். பிரசவத்துக்கு டாக்டர் குறித்திருப்பது டிசம்பர் மூன்றாம் வாரம். 2023-இல் அதே வாரம்தானே, 17, 18 தேதிகளில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஏரல் பக்கம் பாதையே இல்லாமல் போனது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் மாட்டிக்கொண்ட திருச்செந்தூர் ரயிலிலிருந்து ஒரு கர்ப்பிணியை ஹெலிகாப்டரில் தூக்க வேண்டியிருந்தது. அப்படி ஒரு ராத்திரி அவளுக்கு வலி கண்டால் 108 ஆம்புலன்ஸால் என்ன செய்ய முடியும்?

அதனால் நவம்பர் கடைசியிலேயே அவளை என் வீட்டுக்குக் கூட்டிவந்துவிடு. கிறிஸ்துமஸுக்கு வீட்டைப் பூட்டிப்போடுவதா என்று அம்மா மல்லுக்கு நிற்பாள். அம்மாவையும் கூட்டி வா, முந்திரிக்கொத்து இங்கேயே சுடட்டும். பிரசவத்துக்குப் பிறகும் உடனே கிளம்ப வேண்டாம். பிள்ளை பிறந்தபின்னும் பிரஷர் ஏறும், வெட்டும் வரும். ஆறு வாரம் கழியும் வரை கண்காணிப்பு வேண்டும். அவளுடைய ரத்த குரூப்பில் இரண்டு பேரைச் சொல்லிவை. கர்ப்பத்தைப் பதிவு செய்த பிக்மி எண், ஸ்கேன், செக்கப் அட்டை எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும்.

கால் வீக்கம் மட்டும் என்றால் பெரும்பாலும் ஒன்றுமில்லை. முகமும் கையும் வீங்கினாலோ, தலைவலி விடாவிட்டாலோ, கண் மங்கினாலோ, நெஞ்சுக்குழிக்குக் கீழே வலித்தாலோ, குழந்தை அசைவு குறைந்தாலோ யாரிடமும் யோசனை கேட்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ. பிரஷர் 140-க்கு 90 என்று வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டு. 160-க்கு 110 என்றால் அந்த நிமிஷமே 108-ஐக் கூப்பிடு.

நாளைக் காலையில் நர்ஸம்மாவிடம் கூட்டிப்போய் பிரஷரும் மூத்திரத்தில் புரதமும் பார்த்து எனக்கு அனுப்பு. நான் டூட்டியில் இருந்தாலும் போனைப் பார்ப்பேன்.

அன்புடன்,
அக்கா