குதிரை போய், லாரி போய், குழந்தைகள் வந்த கதை

ஆன் ஆர்பர் என்றால் நம் ஆட்களுக்கு மிச்சிகன் பல்கலைக்கழகம், ஃபுட்பால், பனி. இந்த மூன்றையும் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் சொல்லப் போவது ஹ்யூரான் தெருவும் ஐந்தாவது அவென்யூவும் சந்திக்கிற முனையில் இருக்கும் பழைய செங்கல் கட்டிடத்தைப் பற்றி. மேலே மணிக்கூண்டு இருப்பதால் தூரத்தில் இருந்து பார்த்தால் சர்ச் மாதிரி தெரியும். உள்ளே போனால் நூறு வாண்டுகள் கத்திக்கொண்டு ஓடும். நடுவில் 95 வருஷம் அது ஊரின் தீயணைப்பு நிலையம்.

எனக்கு ஏன் இதில் இவ்வளவு அக்கறை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அப்பா தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊரில் தீயணைப்பு வண்டி ஓட்டுநர். சித்திரை ஒன்றாம் தேதி அவர் வீட்டில் இருந்து நான் பார்த்ததே இல்லை. 1944 ஏப்ரல் 14ல் பம்பாய்த் துறைமுகத்தில் ஒரு கப்பல் வெடித்து, அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் 60 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அந்த நாளைத்தான் நாடு முழுக்க தீயணைப்புத் துறையினர் நினைவு நாளாக வைத்திருக்கிறார்கள். ஊருக்கெல்லாம் வருஷப் பிறப்பு, எங்கள் வீட்டில் மட்டும் மலர்வளையம்.

சரி, கட்டிடத்துக்கு வருவோம். 1882-83ல் கட்டியது. டெட்ராய்ட்டைச் சேர்ந்த வில்லியம் ஸ்காட் கம்பெனியின் வடிவமைப்பு, இத்தாலியப் பாணி. அப்போது ஊரின் ஜனத்தொகை சுமார் 8,000 தான். எங்கள் ஊர் பேரூராட்சியே அதைவிடப் பெரிசு! அந்தச் சின்ன ஊர் இவ்வளவு அழகாக ஒரு தீயணைப்பு நிலையம் கட்டியிருக்கிறது என்றால், நெருப்புக்கு எவ்வளவு பயந்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். மர வீடுகள், விறகு அடுப்பு, மண்ணெண்ணெய் விளக்கு. பயப்படாமல் என்ன செய்வார்கள்?

அந்தக் காலத்து அமெரிக்கத் தீயணைப்பு நிலையங்களைப் பற்றிப் படிக்கப் படிக்கச் சுவாரசியம். அழகுக்காக வைத்த மாதிரித் தெரியும் பல விஷயங்களுக்குப் பின்னால் ஒரு வேலை இருக்கிறது. கோபுரம் மணி அடிக்க மட்டும் இல்லை. பல ஊர்களில் நனைந்த துணிக் குழாய்களை மேலிருந்து தொங்கவிட்டுக் காயப்போடுவதும் அதற்குள்தான். மடித்து வைத்தால் மக்கிப்போகும். குதிரைக்கான சேணம் கூரையிலிருந்து தொங்கும். மணி அடித்ததும் குதிரை தானாக வந்து அதன் கீழே நிற்கும், கயிற்றை இழுத்தால் சேணம் முதுகில் விழும், இரண்டு பக்கிளைப் போட்டால் வண்டி ரெடி. மேல் மாடியில் வீரர்கள் தூங்குவார்கள். இறங்கப் படி இருந்தாலும் 1878ல் சிகாகோவில் 21ஆம் எண் கம்பெனிக்காரர்கள் ஒரு கம்பத்தைப் பிடித்துச் சறுக்கி இறங்க ஆரம்பித்தார்கள். அது கறுப்பினத்தவர் மட்டுமே வேலை பார்த்த கம்பெனி. முதலில் மற்றவர்கள் சிரித்தார்களாம். இவர்கள் எல்லோருக்கும் முன்னால் போய்ச் சேர ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றது. 1880ல் பாஸ்டனில் பித்தளைக் கம்பமே வைத்துவிட்டார்கள்.

இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் அப்பாவிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஏம்மா, அந்தக் கேட்டு எத்தனை அடி அகலம்?"

டிரைவர் டிரைவர்தான் :-) ஆனால் விஷயமே அதில்தான் இருக்கிறது. குதிரை வண்டிக்கு அளவெடுத்துக் கட்டிய கதவு. பிறகு மோட்டார் வண்டி வந்தது, வருஷத்துக்கு வருஷம் நீளமாகி, உயரமாகி, கனமாகிக்கொண்டே போனது. அமெரிக்கா முழுக்கப் பழைய நிலையங்கள் பல காலியானதற்கு இது ஒரு பெரிய காரணம். ஆன் ஆர்பரில் 1978ல் புது நிலையம் கட்டினார்கள், அதுவும் பக்கத்திலேயே. அதனால் இன்றைக்கும் உள்ளே குழந்தைகள் விளையாடிக்கொண்டிருக்கும்போது பக்கத்திலிருந்து நிஜ சைரன் கேட்கும். எல்லாம் ஜன்னலுக்கு ஓடும்.

இன்னொன்று. 1972லேயே, நிலையம் வேலை செய்துகொண்டிருந்தபோதே, இது தேசிய வரலாற்று இடங்கள் பதிவேட்டில் ஏறிவிட்டது. 'அப்படியானால் இடிக்க முடியாது' என்று நாம் நினைப்போம். அப்படி இல்லையாம். சொந்தக்காரர் தன் காசில் இடித்தால் அந்தப் பதிவேடு தடுக்காது. உள்ளூர்ச் சட்டம் இருந்தால்தான் உண்டு. காலியாகக் கிடக்கும் கட்டிடம் முதலில் ஒழுகும், அப்புறம் 'ஆபத்தான கட்டிடம்' ஆகும், அப்புறம் பார்க்கிங் ஆகும். இது தப்பித்ததற்கு என் கணக்கில் முக்கியக் காரணம், அதற்கு அடுத்த வேலை சீக்கிரம் கிடைத்ததுதான்.

வேலை கொடுத்தவர் சிந்தியா யாவ் என்ற பெண்மணி. சான் ஃபிரான்சிஸ்கோவில் 1969ல் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் (அணுகுண்டு ஓப்பன்ஹைமரின் தம்பியேதான்) எக்ஸ்ப்ளோரடோரியம் ஆரம்பித்திருந்தார். 'தொடாதே' என்ற போர்டு இல்லாத அறிவியல் காட்சியகம். அதே வகையில் இங்கே ஒன்று, தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொண்டு, 1982 அக்டோபரில் திறந்தார்கள். பெயரே 'ஹேண்ட்ஸ்-ஆன் மியூசியம்'. இடம் பத்தாமல் 1999ல் பக்கத்துக் கட்டிடங்களையும் சேர்த்து 40,000 சதுர அடி ஆக்கினார்கள். மணிக்கூண்டில் கை வைக்கவில்லை.

சனிக்கிழமைகளில் நான் அங்கே தன்னார்வலராகப் போகிறேன். கப்பிகளை இழுத்துக் காட்டுவது என் வேலை. ஒரு காலத்தில் சேணத்தை இறக்கியதும் இதே கப்பியும் கயிறும்தான் என்று சொன்னால் பெற்றோர்கள்தான் வாய் பிளக்கிறார்கள், பிள்ளைகளுக்குக் கயிறு கிடைத்தால் போதும்.

எங்கள் ஊர் நிலையத்துக்கு மணிக்கூண்டெல்லாம் கிடையாது. வாடகைக்கு எடுத்த பழைய நெல் கிடங்கு, தகரக் கூரை, முன்னால் ஒரு வேப்பமரம், அதில் கட்டிய தண்டவாளத் துண்டுதான் மணி. குடிசைத் தீ, வைக்கோல் போர், கிணற்றில் விழுந்த மாடு, வீட்டுக்குள் புகுந்த பாம்பு, எல்லாவற்றுக்கும் அங்கிருந்துதான் வண்டி கிளம்பும். நாலு வருஷத்துக்கு முன் பைபாஸ் ஓரம் சொந்தக் கட்டிடம் வந்தது. கிடங்கு உரிமையாளரிடம் திரும்பிப் போனது. எந்தப் பதிவேட்டிலும் அது ஏறாது, யாரும் போட்டோகூட எடுத்து வைக்கவில்லை.

போன வாரம் அப்பாவிடம் கேட்டேன், இப்போது அங்கே என்ன இருக்கிறது என்று. பர்னிச்சர் கடையாம். மழைக்காலத்தில் வண்டி வழுக்குகிறதென்று இவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு வாசலில் சிமெண்ட் சரிவு போட்டிருந்தார்கள். அது அப்படியே இருக்கிறதாம். கட்டில், பீரோவை மினி லாரியில் ஏற்ற அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். "நல்லா கெட்டியாதான் போட்டிருக்கோம்" என்றார் அப்பா.