குட்டியின் நடை

பேத்துப்பாறையின் மலைச்சரிவில் காலைதோறும் ஓடுவது நம் வழக்கம். பங்கு இல்லத்துக்கு வந்த ஐந்து மாத இராசபாளையம் குட்டியையும் உடன் அழைத்துச் சென்றோம். அது சளைக்காமல் ஓடிவரக் கண்டு மகிழ்ந்தோம். மூன்றாம் வாரம் அது முன்னங்காலை ஊன்ற இயலாமல் நொண்டியது.

கால்நடை மருத்துவர் விளக்கினார். வளரும் குட்டியின் கால் எலும்புகளின் முனையருகே மென்மையான குருத்தெலும்புத் தட்டுகள் உள்ளன. எலும்பு நீள்வது அவற்றால்தான். அவை கெட்டிப்படுமுன் நெடுந்தூரம் ஓடச் செய்தால் ஊறுபடலாம். கால் கோணலாக வளரவும் கூடும். சிறிய இன நாய்களுக்கு ஏறத்தாழ 9 முதல் 12 மாதம் வரையும், பெரிய இனங்களுக்கு 18 மாதம் வரையும் பொறுத்திருக்க வேண்டும். அதுவரை புல்தரையில் தானே விளையாடி, களைத்ததும் தானே படுத்துக்கொள்வது போதும். பின்னரும் தூரத்தைச் சிறிது சிறிதாகவே கூட்ட வேண்டும்.

குட்டிக்கு மறுக்கத் தெரியாது. அது அன்பினால் ஓடிவந்தது. நாமோ அதனை ஆற்றல் என்று கொண்டோம். ஏசாவை முன்னே செல்லவிட்டு, பிள்ளைகளும் மந்தையும் நடக்கும் நடைக்கேற்ப மெல்லச் சென்ற யாக்கோபைப் பற்றி எத்தனை முறை மறையுரை ஆற்றியிருக்கிறோம்!

ஓய்வில் கால் தேறிவிட்டது. இப்போது குட்டி முன்னே நடக்கிறது. நாம் பின்னே நடக்கிறோம்.