பொறி எங்கிருந்து வருகிறது?

2023 டிசம்பர் 4, திங்கள்

மிக்ஜாம் புயல் மழை விடவில்லை. வேளச்சேரியில் கரண்ட் இல்லை; தெருவில் தண்ணீர். சமையலறையைப் புதுப்பித்தபோது பழைய கேஸ் அடுப்பை வேலைக்கார அம்மாவிடம் கொடுத்துவிட்டு இண்டக்‌ஷனுக்கு மாறியவர் டீச்சர். அரிசி இருக்கிறது, பருப்பு இருக்கிறது, உலை வைக்கத்தான் வழியில்லை. எதிர் ஃபிளாட்டிலிருந்து ஃபிளாஸ்க்கில் வெந்நீர் வருகிறது. அங்கே இருப்பது இருபது வருஷத்துப் பழைய இரட்டை பர்னர்.

டிசம்பர் 7

கரண்ட் வந்தது. முதலில் காபி, அப்புறம் ஹூஸ்டன் மகளுக்கு போன். "எங்க கதையும் இதுதாம்மா" என்றாள். 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் டெக்சாஸில் 45 லட்சத்துக்கும் அதிகமான வீடுகளும் கடைகளும் இருளில் மூழ்கின. அவள் வீட்டு அடுப்பில் மேல் பர்னர்கள் தீக்குச்சிக்குப் பற்றின. கீழே இருந்த கேஸ் ஓவன் மட்டும் பற்றவே இல்லை. அதற்குள் மின்சாரத்தில் பழுக்கக் காயும் கம்பி ஒன்று உண்டு. அதில் போதிய மின்னோட்டம் பாய்ந்தால்தான் கேஸ் வால்வே திறக்கும். தீக்குச்சியை நீட்டி என்ன செய்ய, உள்ளே கேஸ் வந்தால்தானே!

டிசம்பர் 10, ஞாயிறு

அடுப்பு வாங்கப் போன கடையில் டீச்சர் கேட்டது இரண்டே கேள்வி. பொறிக்குக் கரண்ட் வேண்டுமா? கேஸ் வருவதற்குக் கரண்ட் வேண்டுமா?

பிளக்கில் செருகும் ஹாப், பேட்டரி ஆட்டோ இக்னிஷன், லைட்டரால் ஏற்றும் சாதா அடுப்பு என்று மூன்று வகை காட்டினார்கள். முதல் இரண்டையும் லைட்டரால் ஏற்றலாமா என்று விற்பனைப் பையனைக் கேட்டார். "ஏத்தலாம் மேடம்." கையேட்டில் அப்படி எழுதியிருக்கிறதா என்று தேடச் சொன்னார். பையனுக்கு வேர்த்தது.

சுடர் அணைந்தால் கேஸை நிறுத்தும் அமைப்பு ஒரு ஹாப்பில் இருந்தது. அதற்குக் கரண்ட் தேவையில்லை. சுடரின் சூட்டிலேயே தெர்மோகப்பிள் சில மில்லிவோல்ட் உண்டாக்கி வால்வைத் திறந்து பிடித்துக்கொள்கிறது. ஏற்றும்போது குமிழைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் போதும். நல்ல ஏற்பாடுதான், விலைதான் இடித்தது.

வாங்கியது ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள, ஸ்டீல் தட்டும் பித்தளை பர்னரும் கொண்ட சாதா அடுப்பு. இந்திய தரவிதிப்படி வீட்டு எல்.பி.ஜி. அடுப்பின் வெப்பத்திறன் 68 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. விலை கூடினால் சோறு சீக்கிரம் வெந்துவிடாது. கூடவே ஒரு லைட்டர். அதன் விசையை அழுத்தினால் உள்ளே சின்னச் சுத்தி தட்டும் அழுத்தத்தில் படிகம் மின்சாரம் உண்டாக்கிப் பொறி பறக்கிறது. பியர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக்கும் 1880இல் கண்டறிந்த பண்பு அது. பேட்டரி கிடையாது, சார்ஜ் கிடையாது.

டிசம்பர் 12

நல்லவேளை, சிலிண்டர் இணைப்பை ஒப்படைக்கவில்லை. புது டியூப் மாட்டியாயிற்று. கரண்ட் போனால் சிம்னியும் ஓடாது என்பதால், மாதக்கணக்கில் மூடிக் கிடந்த ஜன்னலுக்கு எண்ணெய் போட்டுத் திறந்தார். இண்டக்‌ஷன் மேடையிலேயே இருக்கிறது, பால் காய்ச்ச.

தீப்பெட்டி, மூடி இறுகிய ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள். கேஸ் வாசனை வந்தால் அழைக்க வேண்டிய 1906, ஜன்னலோரச் சுவரில் பெரிய எழுத்தில்.