இனிஷியல் இல்லாத பாட்டில்

என் மாமனாருக்கு 74 வயது. விஸ்கான்சின் மாநிலத்தின் வடக்கே, ஒரு ஏரிக்கரையில் மாமியாரோடு இருக்கிறார். நான் எம்.எஸ். படிக்க வந்த ஊரில்தான் அவர் மகளைச் சந்தித்தேன். இங்கே மாமனாரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதுதான் வழக்கம். எனக்கு வாய் வரவில்லை. "உங்க ஊர்ல என்னன்னு கூப்பிடுவீங்க?" என்று அவரே கேட்டார். அன்றிலிருந்து மாமா. பிள்ளைகளுக்குத் தாத்தா. அவர் வாயில் அது 'தாட்டா'.

விஸ்கான்சினில் தாங்க்ஸ்கிவிங்குக்கு முந்தைய சனிக்கிழமை துப்பாக்கி மான் வேட்டை தொடங்கும். ஒன்பது நாள். நம் ஊரில் பொங்கல் மாதிரி. கடையில், சர்ச்சில், பெட்ரோல் பங்கில் எங்கே பார்த்தாலும் ஆரஞ்சு நிற மேலங்கிதான். வேட்டை என்ற உடனே முகம் சுளிக்கும் வாசகர்கள் இருப்பீர்கள். கும்பகோணத்தில் இருக்கும் என் அம்மாவும் அப்படித்தான். அந்த வாக்குவாதத்தை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். நம்மில் நிறைய பேருடைய பிள்ளைகள் நண்பர்கள் வீட்டுக்கும் சொந்தக்காரர்கள் வீட்டுக்கும் போகிறார்கள். அந்த வீடுகளின் பேஸ்மென்ட்டில் என்ன இருக்கிறது என்பது நமக்குத் தெரிந்திருப்பது நல்லது. இது அதைப் பற்றியது.

மாமா தோட்டாவைக் கடையில் வாங்குவதில்லை. தானே செய்துகொள்வார். சுட்ட பிறகு மிஞ்சும் பித்தளைக் கூட்டை எடுத்துக் கழுவி, அளவுக்கு அமுக்கி, அடியில் புதிய பிரைமர் வைத்து, மருந்தை நிறுத்துப் போட்டு, மேலே குண்டைச் செருகுவார். மருந்தை நிறுக்கும் அளவுக்கு 'கிரெய்ன்' என்று பேர். ஒரு பவுண்டில் 7,000 கிரெய்ன். நம் தட்டார்கள் குன்றிமணியால் பொன் நிறுத்தார்களே, கிட்டத்தட்ட அந்தக் குன்றிமணியில் பாதி. அவ்வளவு நுணுக்கமாக நிறுக்க வேண்டிய பொருள். சட்டப்படி இது சாதாரணமான பொழுதுபோக்கு. மாமாவைப் பொறுத்தவரை அது பொழுதுபோக்கும் இல்லை, காலைக் காபி மாதிரி.

என் சின்னவனுக்கு எட்டு வயது. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்குப் போகிறான். தாத்தாவின் அலமாரியைக் காட்டி அது என்ன என்று கேட்டான். "வெடிமருந்துடா" என்றேன். "மருந்தா? யாருக்கு உடம்பு சரியில்ல?" என்றான். பிறகு அவனே, "மருந்துன்னா எக்ஸ்பயரி டேட் இருக்குமே?" என்றான். நான் இந்தக் கட்டுரை எழுதக் காரணமே அந்தக் கேள்விதான்.

இருக்கிறது. டப்பாவில் அச்சடித்திருக்க மாட்டார்கள், ஆனால் இருக்கிறது.

வெடியுப்பு, கரி, கந்தகம் கலந்தது பழைய கருமருந்து. ரைஃபிள் மருந்து வேறு. 1884இல் பிரான்சில் பால் வியேல் செய்து காட்டிய புகையில்லா மருந்தின் வாரிசு. அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ். சில வகைகளில் நைட்ரோகிளிசரினும் சேரும். நைட்ரோசெல்லுலோஸ் சும்மா இருக்கும்போதே மிக மெதுவாகச் சிதைந்துகொண்டிருக்கும். அப்போது வெளிவரும் நைட்ரஜன் ஆக்சைடுகள் சிதைவை இன்னும் வேகப்படுத்தும். அதைத் தடுக்கத்தான் டைஃபினைலமைன் போன்ற நிலைநிறுத்தியைக் கொஞ்சம் சேர்க்கிறார்கள். அது அந்த வாயுவை உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சி உறிஞ்சி ஒருநாள் தீர்ந்துபோகும். அதற்குப் பிறகு மருந்து தன்னைத்தானே தின்ன ஆரம்பிக்கும். குளிர்ந்த, உலர்ந்த பேஸ்மென்ட்டில் பல பத்தாண்டுகள் தாங்கும். கோடை வெயிலில் கொதிக்கும் கராஜில் அவ்வளவு தாங்காது. மிக மோசமான நிலையில், குவியலாக இருந்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும்.

என் அம்மாவின் மாமா ஒருவர் நீலகிரியில் அருவங்காடு கார்டைட் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1903இல் தொடங்கிய தொழிற்சாலை. குன்னூரிலிருந்து ஊட்டி போகும் மலை ரயில் அந்த ஊர் வழியாகத்தான் போகும். கார்டைட்டும் புகையில்லா மருந்துதான். மாவு மாதிரிப் பிசைந்து அச்சில் வைத்து இடியாப்பம் போலப் பிழிவார்கள். மாமாவின் ரைஃபிள் மருந்தும் அப்படிப் பிழிந்து, பொடிப் பொடியாக நறுக்கி, மேலே கிராஃபைட் பூசியதுதான். உள்ளே நுழையும்போதே தீப்பெட்டியை வாங்கி வைத்துவிடுவார்கள் என்று எங்கள் தாத்தா சொல்லுவார். இதை மாமாவிடம் சொன்னதும் அவருக்கு ஒரே சந்தோஷம். "அப்ப நம்ம ரெண்டு குடும்பமும் ஒரே தொழில்தான்" என்றார்.

விஷயம் தொடங்கியது போன அக்டோபரில். பெரியவளுக்குப் பன்னிரண்டு வயது. வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியைக் கோடையில் முடித்திருந்தாள். 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு விஸ்கான்சினில் அந்தப் பயிற்சி கட்டாயம். அவள் முதல் வேட்டைக்கான தோட்டாவைத் தன் கையால் செய்து தருவேன் என்று மாமா அறிவித்துவிட்டார். அதிலும் புது மருந்து வேண்டாமாம். 2020க்குப் பிறகு கடைகளில் மருந்துக்கு அடிக்கடி தட்டுப்பாடு, விலையும் ஏறிவிட்டது. "என்கிட்ட இருக்கிறதே போதும்" என்று மேல் தட்டிலிருந்து மூன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்.

முதலாவது ஒரு தகர டப்பா. எப்போதோ தயாரிப்பு நின்றுபோன ரகம். திறந்ததும் எனக்கே தெரிந்தது. நல்ல மருந்தில் ஈதர், ஸ்பிரிட் மாதிரி லேசான கரைப்பான் வாசனை வரும். இதில் மூக்கைக் குத்தும் அமில நெடி. மூடியின் உள்பக்கம் துரு. மருந்துமேல் செங்கல் பொடி தூவினதுபோலச் சிவந்த தூசி. மாமா ஒன்றும் பேசவில்லை. மூடி, வெளியே புல்வெளியின் நடுவில் கொண்டுபோய் வைத்தார். ஊர் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தேன். "காரில் வைத்துக் கொண்டுவராதீர்கள், நாங்களே வருகிறோம்" என்றார்கள். மறுநாள் வந்து எடுத்துப் போனார்கள்.

இரண்டாவது, எச் 4831. முத்திரை பிரிக்காத அசல் டப்பா, லேபிளோடு. விலை ஸ்டிக்கரைப் பார்த்தாலே அதன் வயது தெரியும். திறந்து பார்த்தோம். வாசனை சரி, நிறம் சரி, தூசி இல்லை. அதோடு வந்த காலத்து அளவுப் புத்தகமும் அவரிடம் இருந்தது. அது பழையது, ஆனால் கெட்டது இல்லை. இரண்டும் வேறு வேறு. டப்பா கால் பங்குதான் நிரம்பியிருந்தது ஏன் என்று கேட்காதீர்கள், முத்திரை என்று நான் சொன்னது லேபிளை ஒட்டிய பட்டையைத்தான், மூடியை அவர் எப்போதோ திறந்திருக்கிறார்.

மூன்றாவதுதான் பிரச்சினை. ஊறுகாய் பாட்டில் அளவில் ஒரு கண்ணாடி ஜாடி. வெள்ளை டேப்பில் பேனாவால் '4831' என்று எழுதியிருந்தது. எழுதியவர் மாமாவுக்கு இந்தக் கலையைக் கற்றுக்கொடுத்த மூத்த நண்பர். அவர் இறந்து வருடங்கள் ஆகின்றன. அவர் மனைவி கொடுத்தது. பேத்தியின் முதல் தோட்டாவில் அந்த மருந்துதான் போக வேண்டும் என்பது மாமாவின் ஆசை.

இங்கே கொஞ்சம் வரலாறு சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்க அரசிடம் மருந்து மலையாக மிஞ்சியது. கன்சாஸில் புரூஸ் ஹாட்ஜன் என்பவர் ஆயுள் காப்பீட்டின் மேல் கடன் வாங்கி 50,000 பவுண்டு மருந்தை வாங்கினார். வாடகைக்கு எடுத்த மேய்ச்சல் நிலத்தில் ஒரு பழைய ரயில் பெட்டியை நிறுத்தி அதில் வைத்து விற்றார். அவர் பிறகு விற்ற இன்னொரு மிச்சச் சரக்குதான் 4831, 20 மில்லிமீட்டர் பீரங்கிக்கான மருந்து. 270 வின்செஸ்டர் ரைஃபிளுக்கு அது அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. பழைய சரக்கு தீர்ந்த பிறகு புதிதாகச் செய்து எச் 4831 என்று விற்றார்கள். 1970களின் தொடக்கத்தில் டுபான்ட் நிறுவனம் தன் பங்குக்கு ஐஎம்ஆர் 4831 என்று ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. எண் ஒன்றுதான். ஆனால் ஐஎம்ஆர் வேகமாக எரியும். எச்சுக்கு எழுதிய அதிகபட்ச அளவை ஐஎம்ஆரில் போட்டால் அழுத்தம் எல்லை தாண்டும். 270க்கு அனுமதித்த எல்லையே சதுர அங்குலத்துக்கு 65,000 பவுண்டு. கார் டயரில் நாம் அடிக்கும் காற்று 35. அந்த அழுத்தம் சுடுகிறவரின் கன்னத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் நடக்கிறது. இந்த முறை அது என் மகளின் கன்னம்.

நம் ஊர் வகுப்பில் எஸ். ரமேஷும் கே. ரமேஷும் இருப்பார்களே, அதுதான். இனிஷியல் இல்லாமல் மார்க் ஷீட் வந்தால் யாருடையது? என் வேலையிலும் இதே தொல்லை உண்டு. ஒரே பதிப்பு எண்ணில் இரண்டு கோப்பு கிடைத்தால் இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகக் கட்டுவோம். ஆனால் இறந்த நண்பரின் கையெழுத்தை அப்படிச் சுலபமாகத் தூக்கிப் போட முடியுமா?

மாமா முட்டாள் இல்லை. "ரெண்டும் கண்ணுக்கு ஒண்ணாத்தான் இருக்கும், தெரியும். நான் வேகமானதுன்னே வச்சுக்கிட்டு கம்மியாப் போடுறேன். அப்ப எதுவா இருந்தாலும் ஆபத்தில்லையே?" என்றார். யோசித்துப் பார்த்தால் சரியான வாதம். என் மனைவி என்னைப் பார்த்தாள். மகள் சொன்னால் சண்டையாகும், மருமகன் சொன்னால் மரியாதைக்காவது கேட்பார் என்பது அவள் கணக்கு.

"மாமா, ரெண்டில் ஒண்ணுங்கிறதே நம்ம யூகம்தானே? டேப்பு ஒட்டினப்ப உள்ள இருந்தது 4831. அது தீர்ந்து, அதே ஜாடியில வேற எதையாவது கொட்டி வச்சிருந்தா? ரெண்டு டப்பாவோட மிச்சத்தை ஒண்ணாக் கலந்திருந்தா?"

"அவர் அப்படிச் செய்யிற ஆள் இல்ல."

"இருக்கட்டும். கடைசி ரெண்டு வருஷம் அவருக்குக் கண்ணு சரியாத் தெரியலன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அதற்குப் பதில் வரவில்லை. மாமாவுக்கும் போன வருடம்தான் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. அதை நான் குறிப்பிடவில்லை, அவருக்கும் அது தோன்றியிருக்கும். ஜாடியை எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு மேலே போய்விட்டார். இரவுச் சாப்பாட்டின்போது வானிலையைப் பற்றி மட்டும் பேசினோம். மாமியார் இரண்டு தடவை உப்பு வேண்டுமா என்று கேட்டார்.

காலையில் எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஆப்பிள் மரத்தைத் தாண்டி, கோழிக்குத் தீவனம் போடுவதுபோல, மாமா ஜாடியிலிருந்து கைப்பிடி கைப்பிடியாகப் புல்லில் மெல்லிசாகத் தூவிக்கொண்டிருந்தார். கெடாத சிறிய அளவு மருந்தை இங்கே பழைய ஆட்கள் பலர் இப்படித்தான் கழிப்பார்கள். அதிலிருக்கும் நைட்ரஜன் புல்லுக்கு உரம். காலி ஜாடியைக் கழுவி, டேப்பைப் பிரிக்காமல், பேனா போட்டு வைத்திருக்கிறார்.

உங்களுக்கு இப்படி ஒரு வீடு சொந்தமாகவோ பக்கமாகவோ இருந்தால் சில விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். மருந்து அசல் டப்பாவில் இருக்கிறதா? பழையதைக் கடைசியாக எப்போது திறந்து முகர்ந்து பார்த்தார்கள்? எங்கே வைத்திருக்கிறார்கள்? பத்திரம் என்று நினைத்துச் சிலர் இரும்புப் பெட்டகத்தில் பூட்டுவார்கள். அது தவறு. திறந்த இடத்தில் இந்த மருந்து எரியும், அவ்வளவுதான். கெட்டியான இரும்புக்குள் அடைபட்டு எரிந்தால் வெடிக்கும். அதனால்தான் மரப்பெட்டி சொல்கிறார்கள். பூட்டு மரப்பெட்டிக்கும் போடலாம். கேட்கத் தயக்கமாக இருக்கும். வேர்க்கடலை அலர்ஜி பற்றிச் சொல்லத் தயங்குகிறோமா என்ன?

தோட்டாக்களை இரண்டாவது டப்பாவிலிருந்துதான் செய்தார்கள். தராசில் எண்ணைப் படிப்பது பெரியவள், பழைய புத்தகத்தில் சரிபார்ப்பது மாமா, இருவரும் சத்தமாகச் சொல்லி ஒத்துக்கொண்டால்தான் அடுத்த கூடு. முடித்ததும் பெட்டிமேல் அவள் எழுதினாள்: எச் 4831, தேதி, எத்தனை கிரெய்ன். "எச்சைப் பெரிசாப் போடு" என்றார் மாமா.

அந்த ஒன்பது நாளில் அவளுக்கு மான் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் ஒன்று வந்ததாம், தாத்தா தும்மிவிட்டாராம்.