கதவில் தொங்கும் ரயர்

கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய லான்ட் றோவர் டிஃபெண்டர் பின்கதவு ஒன்றை ஆட்டிப் பாருங்கோ. பிணைச்சல் தளர்ந்து தொய்ந்திருக்கும். ஸ்பெயார் ரயரை கதவிலேயே தொங்கவிட்டு மேடுபள்ளமெல்லாம் ஓடினால் வேறென்ன நடக்கும்?

பாரத்தைச் சேசிஸில் இறக்கும் தனிக் கை போட்டால் கதவு தப்பும். ஆனால் றெயிலர் கொளுவியிருக்கும்போது அந்தக் கை விரிந்து றெயிலர் ஜாக்கியில் இடிக்கலாம். பூட்ட முதல் அளவுநாடா பிடியுங்கோ. ரயரை றெயிலரின் முன்கம்பிக்கு மாற்றினாலோ கொளுக்கியில் பாரம் கூடும். ஜீப் பின்னால் குந்தி, ஸ்டியரிங் லேசாகிவிடும்.

பழைய சீரிஸ் லான்ட் றோவர்களில் பல போனட்டிலேயே ரயரைச் சுமந்தன. காலி வீதி நெரிசலில் முன்பார்வை மறைக்கும், போனட் தூக்கக் கை கடுக்கும். என்றாலும் எனக்கு அதுதான் பிடிப்பு.

றெயிலருக்கும் அதே சில்லைப் போட்டால் ஸ்பெயார் ஒன்றே போதும்.