முதல் கையெழுத்து

2009-ல் என் மகனை இன்ஜினீயரிங் கவுன்சலிங்குக்காக அண்ணா பல்கலைக்கழகத்துக்கு அழைத்துப்போனேன். பெரிய திரையில் காலியிடங்கள் குறையக் குறைய, வயிற்றில் புளி கரைத்தது. அந்த ஒரு நாள் அனுபவத்தில், அப்புறம் தெருவுக்கே அட்மிஷன் ஆலோசகர் நான்தான்!

2023-ல் எங்கள் தெரு இஸ்திரிக்காரர் மகளோடு வந்தார். ‘‘நல்ல காலேஜா அஞ்சு எழுதிக் குடுங்க சார்.’’

கெத்தாக எழுதிக் கொடுத்தேன். அந்தப் பெண் தயங்கித் தயங்கி, ‘‘அங்கிள், 2018-லேர்ந்தே ஆன்லைன். எத்தனை வேணும்னாலும் வரிசையா போடலாம். அஞ்சோட நிறுத்தினா எதுவுமே கிடைக்காமப் போயிடலாம்’’ என்றாள்.

அறுபது போட்டாள். கிடைத்தது நாற்பத்தோராவது! என் பட்டியலை மட்டும் நம்பியிருந்தால்? அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

நான் உருப்படியாகச் செய்தது ஒன்றுதான். அவள் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி. 2021-ல் வந்த, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவிகித ஒதுக்கீடு அவளுக்கு இல்லை. அதனால், முதல் பட்டதாரி கட்டணச் சலுகைக்கு விண்ணப்பிக்கச் சொல்லியிருந்தேன். ‘குடும்பத்தில் யாரும் பட்டதாரி இல்லை’ என்று அவர் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவைப் பிடித்தபடி கேட்டார்:

‘‘சின்னவனுக்கும் இது கிடைக்குமா சார்?’’

‘‘கிடைக்காதுங்க. குடும்பத்துல ஒருத்தருக்குத்தான்.’’

பணக் கவலையில் முகம் வாடும் என்று நினைத்தேன். மனிதர் சிரித்தார்.

‘‘பரவால்ல சார். இனிமே எங்க வீட்ல யாரும் இப்படி எழுதிக் குடுக்க வேணாம்ல!’’