மாரியூர் கறிவேப்பிலை!

ஆபீஸில் என் பக்கத்து சீட் நண்பர் மாதம் இரண்டு தடவையாவது சொல்லும் வசனம் ஒன்று உண்டு. ''வேலை முடிஞ்சதும் நம்மளைக் கறிவேப்பிலை மாதிரி தூக்கிப் போட்டுடறாங்க சார்!''

நானும் 'உச்' கொட்டுவேன். மாரியூர் போய் வந்ததிலிருந்து முடியவில்லை.

மாரியூர் எங்கே என்கிறீர்களா? ராமநாதபுரத்தில் பஸ் ஏறி, கீழக்கரை, ஏர்வாடி தாண்டி சாயல்குடி போகணும். அங்கிருந்து கடல் பக்கம். வழி நெடுகப் பனை. பனை இல்லாத இடத்தில் சீமைக் கருவேலம். இரண்டும் இல்லாத இடத்தில் உப்பு. 1974-ல் தொடங்கிய தமிழ்நாடு உப்புக் கழகத்தின் பாத்திகள் இந்த மாரியூர் - வாலிநோக்கம் பக்கம்தான். ஆவணி வெயிலில் பார்த்தால் கண் கூசுகிறது.

கடலோரத்தில் பூவேந்தியநாதர் கோயில். சித்திரைத் திருவிழாவில் சிவபெருமான் வலை வீசிய திருவிளையாடலை நடத்திக் காட்டுவார்கள். நான் போன அன்று கூட்டமில்லை. சாமியும் நானும்தான்.

போன காரணம், அக்கா. அந்த ஊரில் வாக்கப்பட்டுப் பன்னிரண்டு வருஷம். நான் போனது மூன்றாவது முறை. (கணக்குப் பார்க்காதீர்கள், ப்ளீஸ்!)

மத்தியானம் மீன் குழம்பு. வழக்கம்போல கறிவேப்பிலையைப் பொறுக்கித் தட்டோரம் ஒதுக்கினேன். எதிரே இருந்த அக்கா மகள் அதிர்ந்து போனாள். ''மாமா! அதையா தூக்கிப் போடுறீங்க?''

சென்னையில் காய் வாங்கினால் கொசுறாகக் கிடைக்கிற சமாசாரம். இதற்கா இவ்வளவு?

சாப்பிட்டதும் அக்கா கொல்லைக்குக் கூட்டிப் போனாள். கடல் காற்று படாமல் சுவர் மறைவில், பாதியாய் அறுத்த பிளாஸ்டிக் டிரம்மில் இடுப்புயரக் கறிவேப்பிலை.

''இந்த மண்ணுல வச்சா இலை நுனி கருகிடும்டா. உப்பு ஆகாது. அத்தான் மேற்கேயிருந்து செம்மண் கொண்டாந்தாரு. ஆட்டுப் புழுக்கை போட்டேன். அரிசி களைஞ்ச தண்ணி, எப்பவாச்சும் புளிச்ச மோர். குடத்துத் தண்ணியில அதுக்கும் ஒரு பங்கு!''

நுனியில் வெள்ளையாய்ப் பூ மொட்டு. அக்கா கிள்ளி எறிந்தாள். ''பூக்க விட்டா தழை குறையும். நுனியைக் கிள்ளினாத்தான் பக்கத்துல கிளைக்கும்.''

ஓர் இலையை வெயிலுக்கு நேரே பிடித்துக் காட்டினாள். ஊசியால் குத்தியதுபோல் ஒளிப்புள்ளிகள். எல்லாம் எண்ணெய்ச் சுரப்பிகள். எலுமிச்சை இலையிலும் இப்படித்தான். ரெண்டும் ஒரே குடும்பம். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி இதிலும் முட்டையிடும். குட்டிப் புழு பார்க்கப் பறவை எச்சம் மாதிரியே இருக்கும்! தாவரவியல் பெயரில் உள்ள 'கோனிகி', 1768-ல் தரங்கம்பாடிக்கு வந்த கோனிக் என்ற டாக்டரின் ஞாபகார்த்தம். அவருடைய குரு லின்னேயஸ் 1771-ல் வைத்தது. இதெல்லாம் நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது.

அக்கா சொன்னது வேறு. ''எங்கேயிருந்து வந்துச்சுன்னு தெரியலையா? அம்மா வச்ச மரம்டா.''

சுருக்கென்றது. அம்மா போன பிறகு ஊர் வீட்டை விற்றவன் நான். ''ஒரு கன்னு எடுத்து வைடா'' என்று அக்கா போனில் சொல்லியிருந்தாள். மறந்தே போனேன். வாங்கினவர் கொல்லையைச் சமப்படுத்திவிட்டார். மரம் போச்சு என்றுதான் நினைத்திருந்தேன்.

''பத்திரம் பதியறதுக்கு முந்தின வாரம் நானே வந்து எடுத்துட்டுப் போனேன். வேர்ல கிளம்பின பக்கக் கன்னு. நல்ல மழை நேரம், பிடிச்சுக்கிச்சு.''

திட்டியிருந்தால் தேவலாம். திட்டவில்லை. டிரம்முக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னத் தொட்டியை எடுத்தாள். அதிலும் ஒரு கன்று.

''இதோட பக்கக் கன்னு. போன மழையில பிரிச்சு வச்சேன், உனக்குத்தான். நீ வருவ வருவன்னு ஒரு வருஷமா தண்ணி ஊத்திக்கிட்டிருக்கேன்.''

சாயல்குடியிலிருந்து சென்னை வரை தொட்டியை மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். கண்டக்டர் லக்கேஜ் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்திருப்பார்.

இப்போது அது மூன்றாவது மாடி பால்கனியில். நுனி கிள்ளியாச்சு, இரண்டாய்க் கிளைத்திருக்கிறது.

நேற்று நண்பர் மறுபடி ஆரம்பித்தார். ''கறிவேப்பிலை மாதிரி...''

''சார்,'' என்றேன், ''எங்க அக்கா ஊர்ல அதைத் தின்னுடுவாங்க!''

லஞ்ச் பாக்ஸைத் திறந்தேன். எலுமிச்சை சாதம். ஓர் இலைகூட ஒதுக்கவில்லை. ஐப்பசி தீபாவளிக்கு மாரியூருக்கு டிக்கெட்டும் போட்டாச்சு.